ஒர்பாயோ

முழங்காலில் அறுவைச் சிகிச்சை முடிந்து நோர்வேயில் ஹவுகெட்டோ என்ற இடத்திலுள்ள என் வீட்டுக்குத் திரும்பிய அந்த இலையுதிர் காலத்தில் நான் வெளியே இறங்கவே இல்லை. மழை என்று மகளிடம் சாட்டுச் சொல்லிக்கொண்டு யன்னலோரம் இருந்தேன். உண்மையில் விழுந்துவிடுவேனோ என்ற பயம்தான்.

மேல்மாடியில் ஸ்பெயினின் கலீசியாப் பகுதியிலிருந்து வந்த பெண்மணி ஒருவர் இருந்தார். படிக்கட்டில் கண்டால் சிரிப்பதோடு சரி. ஒருநாள் காலையில் அவர் வந்து மணியடித்தார். நாங்கள் கதைத்தது நோர்வே மொழியில். நினைவில் மட்டும் அவர் என் தமிழிலேயே கதைக்கிறார்.

"நடக்கப் போறன். நீங்களும் வாங்கோ."

"மழை பெய்யுதே."

"இது மழை இல்லை. ஒர்பாயோ."

அந்தச் சொல் என்னவென்று கேட்டபடியே சப்பாத்தைப் போட்டுவிட்டேன்.

கலீசிய மொழியில் அது புல்லில் நிற்கும் பனித்துளியையும் குறிக்கும், கண்ணுக்குத் தெரியாத தூறலையும் குறிக்கும் என்றார். அவர்கள் பக்கத்தில் ஸ்பானியம் பேசுகிறவர்கள் அதைத் தூறலுக்கு வைத்துக்கொண்டார்கள். போர்த்துக்கலிலோ பனித்துளி மட்டும்தான்.

"எங்கையிருந்து வந்த சொல்?"

"படிச்ச ஆக்களுக்கே சரியாத் தெரியாது. எங்கடை அம்மாவுக்கு, உடுப்புக் காயாது எண்டது மட்டும் தெரியும்."

சந்திவரை போய்த் திரும்பினோம். மறுநாளும் அவர் வந்தார். அதன்பின் நான் சாட்டுத் தேடவில்லை.

முதல் பனி கொட்டிய அன்று, இதற்கு உங்கள் மொழியில் என்ன என்று கேட்டார்.

"பனி."

"உங்கடை ஊரிலையும் இப்பிடிக் கொட்டுமோ?"

"இல்லை. அங்கை பனி எண்டால் விடியக்காலையிலை புல்லிலை நிக்கிற துளி. இஞ்சை வந்தாப்பிறகு இதையும் அப்பிடித்தான் சொல்லுறம்."

அவர் நடுப்பாதையில் நின்றுவிட்டார். "அப்ப உங்கடை சொல்லுக்கும் ரெண்டு வேலை," என்று சொல்லி, நிலம் வழுக்கியதால் என் கையைக் கோர்த்துக்கொண்டார். மகளைக்கூட நான் அப்படிப் பிடிக்க விட்டதில்லை.

வசந்தத்தில் பாலர் பள்ளி வேலைக்குத் திரும்பினேன். முதல்நாள் அவர் ரயில் நிலையம்வரை கூட வந்தார். ஏறுமுன் நன்றி சொன்னேன். தமிழிலேயே சொல்லிவிட்டேன் என்பது கதவு மூடிய பிறகுதான் தெரிந்தது. வெளியே நின்றவர், விளங்கியதுபோலத் தலையாட்டிக்கொண்டிருந்தார்.