ஊர் தீர்த்துவைத்த கடைசி எபிசோடு

ஒரு சினிமாப் படம் என் வீட்டு முற்றத்தில் சுவர் எழுப்பிவிடும் என்று நான் நம்பினேன். விளையாட்டுக்குச் சொல்லவில்லை. செங்கல், சிமென்ட், கொத்தனார் எல்லாம் கண்முன் வந்துவிட்டன. கனவில் கொத்தனாருக்கு டீ கூட வாங்கிக் கொடுத்தேன். கல்யாண வீடானாலும் இழவு வீடானாலும் நாலு பேரைச் சிரிக்க வைத்துவிட்டு வருகிறவன் என்று ஊரில் எனக்கு ஒரு பெயர் உண்டு. அந்தப் பெயரை வைத்துக்கொண்டு சோறு இறங்காமல் அலைந்தேன்.

காரணம் ஒரு டிவி சீரியல். அது முடிந்து பல வருடமாகிறது. இப்போது அதன் தொடர்ச்சியைப் படமாக எடுத்துவிட்டார்கள்.

எங்கள் ஊர் கொல்லிமலையில் திண்ணனூர் நாட்டுப் பக்கம். நானும் தம்பியும் பக்கத்துப் பக்கத்து வீடு. இரண்டு வீட்டுக்கும் முற்றம் ஒன்று, மிளகுத் தோட்டம் ஒன்று, காயப்போடுகிற களமும் அந்த முற்றம்தான். மிளகு காய்கிற நாட்களில் என் மனைவியும் தம்பி மனைவியும் அதைவிட்டு நகர மாட்டார்கள். ஒருத்தி காலால் தள்ளிக் கிளறிக்கொண்டு போவாள், இன்னொருத்தி எதிரிலிருந்து கிளறிக்கொண்டு வருவாள். மேகம் கறுத்தால் ஆளுக்கொரு பக்கம் தார்ப்பாயைப் பிடிப்பார்கள். நானும் தம்பியும் மரம் ஏறிப் பறித்துக் கொட்டுவதோடு சரி. அந்த இரண்டு பேரும் பேசிக்கொண்டால்தான் எங்களுக்கு மிளகு, பேசாவிட்டால் பூஞ்சை.

இதை அனுபவத்தில் சொல்கிறேன். அந்த சீரியல் ஓடிய காலத்தில் எங்கள் வீட்டில் மட்டும்தான் டிவி உருப்படியாக வேலை செய்தது. சாயங்காலமானால் பாதி ஊர் வந்து உட்கார்ந்துவிடும். கதையில் இரண்டு ஓரகத்திகள். மூத்தவளுக்கும் இளையவளுக்கும் ஆகாது. பார்க்கிற ஊரும் இரண்டாகப் பிரிந்தது. என் மனைவி எங்கள் வீட்டுக்கு மூத்த மருமகள், ஆகவே மூத்தவள் கட்சி. தம்பி மனைவி எந்தக் கட்சி என்று சொல்ல வேண்டியதில்லை.

ஒருநாள் கதையில் மூத்தவள் சமையல்கட்டைப் பூட்டி, சாவியை முந்தானையில் முடிந்துகொண்டாள். தம்பி மனைவி எழுந்து நின்றாள்.

"மூத்தவளா வந்துட்டா சாவி தனக்கு மட்டுமுன்னு நெனப்பு. ஊட்டுக்கு ஊடு இதேதானுங்க."

என் மனைவி டிவியை அணைத்தாள். "எந்த ஊட்டச் சொல்ற நீயி?"

"டிவியில இருக்கற ஊட்டத்தானுங்கக்கா சொன்னேன். உங்களுக்கு ஏன் சுடுது?"

அன்றோடு முற்றத்தின் நடுவே ஒரு கயிறு வந்தது. கயிற்றுக்கு இந்தப் பக்க மிளகை இவள் கிளறுவாள், அந்தப் பக்க மிளகை அவள். மழை வந்தபோது தார்ப்பாய் இவளிடம் இருந்தது, அதன் மேல் வைக்கிற கல் அவள் பக்கம் கிடந்தது. இவள் கல்லைக் கேட்கவில்லை, அவள் பாயைக் கேட்கவில்லை. அந்த வருட மிளகை வியாபாரி மோந்து பார்த்துவிட்டு என்னைப் பரிதாபமாகப் பார்த்தார்.

சீரியல் முடிகிற வாரம் காற்றும் மழையும் அடித்து டிரான்ஸ்பார்மர் போய்விட்டது. ரொம்ப நாள் கரண்ட் இல்லை. கடைசி எபிசோடை ஊரில் ஒருவரும் பார்க்கவில்லை. பார்த்திருந்தாலாவது திட்டிவிட்டு அடுத்த சீரியலுக்குப் போயிருப்பார்கள். பார்க்காததால் விவகாரம் முற்றியது. சாவியைக் கொடுத்தாளா, இல்லையா? மூத்தவள் கட்சி ஒன்று சொன்னது, இளையவள் கட்சி இன்னொன்று சொன்னது. கிழங்கு பிடுங்குகிற இடத்தில் இதே பேச்சாகி, வேலை நின்றது.

எங்கள் ஊரில் எது முற்றினாலும் ஊர்க்கவுண்டர் முன்னால் உட்கார்ந்து பேசித் தீர்த்துக்கொள்வது வழக்கம். வரப்புத் தகராறு, மாடு மேய்ந்த தகராறு, புருஷன் பெண்டாட்டி தகராறு, எல்லாவற்றுக்கும் அதே பலாமரத்தடிதான். ஆகவே இதையும் அங்கேயே கொண்டு போனார்கள். சிரித்துக்கொண்டுதான் போனார்கள். உட்கார்ந்த பிறகு யாரும் சிரிக்கவில்லை.

"மூத்தவ பக்கம் யாரு பேசறது?" என்றார் கவுண்டர். என் மனைவி முன்னால் வந்தாள். இளையவளுக்காகத் தம்பி மனைவி வந்தாள். கதையில் நடந்தது எல்லாம் முதலிலிருந்து வந்தது. கதையில் நடக்காததும் கொஞ்சம் வந்தது. தார்ப்பாய் வந்தது, கல் வந்தது. கவுண்டர் எதையும் தடுக்காமல் கேட்டார். கடைசியில் சொன்னார்:

"மூத்தவ சாவியக் குடுத்துப்போடோணும். எளையவ வாயி விட்டதுக்கு மன்னாப்பு கேக்கோணும். ரெண்டு பேரும் ஒண்ணா இருக்கோணும். கடைசி நாளு இதுதான் நடந்திருக்கும். ரெண்டு தரப்பும் அம்மன் கோயிலுக்குத் தேங்கா, வெத்தல பாக்கு வெச்சுப்போடுங்க."

வைத்தார்கள். மறுநாள் கயிறு இல்லை. யார் அவிழ்த்தது என்று நான் கேட்கவில்லை. அந்தப் புத்தி எனக்கு எப்போதாவது வரும்.

அதற்குப் பிறகு கரண்ட் வந்தது, போனில் படம் பார்க்கிற காலம் வந்தது. அந்த எபிசோடைத் தேடிப் பார்ப்போம் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. தீர்ப்பு ஆன விஷயத்தை எதற்குத் தேடுவது? ஊருக்கு அந்த சீரியலின் முடிவு அதுதான்.

இந்த நிலைமையில்தான் படத்தின் போஸ்டர் செம்மேட்டு பஸ் ஸ்டாண்டில் ஒட்டப்பட்டது. ஊரே குதித்தது. வேன் பேசினார்கள். இடம் பிடிப்பதில் முதல் ஆள் கவுண்டர். நானும் குஷியாகத்தான் இருந்தேன். எங்கள் ஊரில் சிக்னல் கிடைக்கிற ஒரு பாறை உண்டு. டிரெய்லரைப் பார்ப்போம் என்று அதன் மேல் ஏறினேன். டிரெய்லருக்குக் கீழே ஒரு பெண் பேசுகிற வீடியோ வந்தது. படத்துக்குப் போகிறவர்களுக்காக சீரியலின் பழைய கதையைச் சுருக்கமாகச் சொன்னாள். கடைசி எபிசோடுக்கு வந்தாள். மூத்தவள் சாவியைக் கொடுக்கவில்லையாம். முற்றத்தின் நடுவில் சுவர் எழுப்பி, இரண்டு குடும்பமும் ஆளுக்கொரு பக்கம் போய்விட்டதாம். படம் அந்தச் சுவரில்தான் தொடங்குகிறதாம்.

பாறையிலிருந்து எப்படி இறங்கினேன் என்று தெரியவில்லை. இறங்கும்போது ஒரு செருப்பு காலில் இல்லை. மிளகு அப்போதுதான் பழுக்கத் தொடங்கியிருந்தது.

என் கணக்கு எளிமையானது. சீரியலில் சேர்ந்தார்கள் என்று சொன்னதால் இவர்கள் சேர்ந்தார்கள். சீரியலில் சேரவே இல்லை என்று தெரிந்தால்? அஸ்திவாரம் இல்லாத வீட்டில் இத்தனை வருடம் நிம்மதியாகக் குறட்டை விட்டவனைப் போல உணர்ந்தேன். இனி இவர்களைப் படத்துக்குப் போகவிடக் கூடாது.

முதலில் மனைவியிடம் சொன்னேன், படம் ஓடவில்லை, எல்லோரும் திட்டுகிறார்கள் என்று.

"ஓடாத படத்துக்கு டிக்கெட் கெடைக்கலைன்னு உங்க தம்பி எதுக்குங்க பொலம்பறாரு?"

தம்பி மனைவியிடம் போய், தியேட்டரில் மூட்டைப்பூச்சி என்றேன்.

"எங்க ஊட்டுக் கட்டில்ல இல்லாததா மாமா," என்றாள்.

வேன் டிரைவரிடம், பிரேக்கில் ஏதோ சத்தம் வருகிறதே, இந்த வளைவுகளில் இத்தனை பேரை ஏற்றிக்கொண்டு போகலாமா என்றேன். "ஏனுங்கண்ணா, வண்டி நின்னுக்கிட்டு இருக்குது. எஞ்சினே போடல. சத்தம் எங்கீங்க கேட்டுது?" என்றான்.

கடைசி ஆயுதமாக, புறப்படுகிற அன்று காலையில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு படுத்தேன். புருஷன் துடிக்கும்போது எந்தப் பெண்டாட்டி சினிமாவுக்குப் போவாள்? மனைவி வந்து நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள்.

"கஞ்சி வெச்சிருக்கறேன், குடிச்சுப்போட்டுப் படுங்க. நாங்க போயிட்டு வாரோம்."

நான் போகாமல் இவர்கள் இரண்டு பேரும் தனியே அந்தச் சுவரைப் பார்ப்பதா? உடனே குணமாகி, வேன் கிளம்புவதற்குள் ஓடிப்போய் ஏறிக்கொண்டேன்.

நாமக்கல் தியேட்டர் வாசலில் திருவிழாக் கூட்டம். மூத்தவள் கதையில் கட்டுகிற மாதிரி அகலக்கரைப் புடவை கட்டிக்கொண்டு பெண்கள் வந்திருந்தார்கள். மூத்தவளின் அட்டை உருவத்தின் தோளில் கைபோட்டு போட்டோ எடுத்தார்கள். ஒரு பெண் படம் தொடங்குவதற்கு முன்பே அழுதாள். உள்ளே நான் என் மனைவிக்கும் தம்பி மனைவிக்கும் நடுவில் போய் உட்கார்ந்தேன். சுவர் வரக்கூடாது என்று பயந்தவன் நானே சுவராக உட்கார்ந்திருக்கிறேன் என்பது எனக்கு உறைக்கவில்லை.

"நடுவுல வந்து என்னங்க பண்றீங்க? அந்தப் பக்கம் நகருங்க," என்றாள் மனைவி. நகர்த்தப்பட்டேன்.

பழைய டைட்டில் இசை வந்ததும் தியேட்டரே எழுந்து நின்று கை தட்டியது. எங்கள் ஊர்க்காரர்களும் நின்றார்கள். எனக்கும் கண் கொஞ்சம் கலங்கியது, அதை வயிற்றுவலியின் மிச்சம் என்று வைத்துக்கொண்டேன். திரையில் முற்றம் வந்தது. முற்றத்தின் நடுவில், பாசி படிந்து, ஆள் உயரத்துக்கு, சுவர்.

கை தட்டல் ஓயவில்லை. எங்கள் வரிசை மட்டும் சட்டென்று அடங்கியது. கவுண்டரின் குரல் கேட்டது.

"ஏனப்பா, இதென்ன செவுரு? யாரு கட்டுனது?"

"பெருசு, உக்காருங்க," என்று பின்னாலிருந்து யாரோ கத்தினார்கள்.

"உக்காந்துதானப்பா கேக்கறேன். தீர்ப்பு சொன்ன பெறகு எப்பிடிச் செவுரு வந்துது?"

கொஞ்ச நேரத்தில் இளையவள் திரையில் வந்தாள். அவளாக வேறொரு நடிகை நடித்திருந்தாள். இப்போது தியேட்டர் முழுக்கக் கூச்சல். "எங்க பொண்ணு எங்கடா?" என்று ஒருவர் எழுந்து நின்று திரையைப் பார்த்துக் கேட்டார். சுவருக்குக் கோபப்படாத ஜனம் முகத்துக்குக் கோபப்பட்டது. நான் திரையைப் பார்க்கவே இல்லை. பக்கத்து இரண்டு முகங்களைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். இரண்டிலும் ஒன்றும் தெரியவில்லை.

இடைவேளையில் கவுண்டர், அகலக்கரைப் புடவை கட்டிய ஒரு பெண்ணைப் பிடித்துக்கொண்டார்.

"ஏம்மா கண்ணு, அவங்கதான் சேந்துட்டாங்களே. படம் எடுத்தவங்க ஒரு வார்த்தை விசாரிக்க வேண்டாமா?"

அந்தப் பெண் பாப்கார்னை வாயருகே நிறுத்தினாள். "எங்கீங்க சேந்தாங்க? சீரியல்ல கடைசி எபிசோடே செவுரு கட்டறதுதானுங்களே. நீங்க பாக்கலையா தாத்தா?"

என் மனைவியும் தம்பி மனைவியும் இரண்டடி தள்ளி நின்று கேட்டுக்கொண்டிருந்தார்கள். முடிந்தது கதை என்று நினைத்தேன். இந்தியாவிலேயே படத்தின் இடைவேளையில் பாகப்பிரிவினை ஆகிற முதல் குடும்பம் எங்களுடையதாக இருக்கும் என்று தோன்றியது. இருவருக்கும் நடுவில் பாய்ந்து, "அந்தப் புள்ள சும்மா சொல்லுது, அதுக்கு ஒண்ணும் தெரியாது," என்றேன். குரல் எனக்கே கேட்கச் சகிக்கவில்லை.

"சும்மா இல்லீங்க, சரியாத்தான் சொல்லுது," என்றாள் மனைவி.

"உனக்கெப்படித் தெரியும்?"

"அப்பவே தெரியுமுங்க."

தம்பி மனைவி சொன்னாள்: "பஞ்சாயத்து முடிஞ்ச வாரமே மாமா. சேந்தமங்கலத்துக்கு வளவி வாங்கப் போனோமில்ல? கடக்கார பாய் ஊட்டம்மாவுக்கும் இந்த சீரியல்னா உசுரு. செவுரு கட்டுன கதையெல்லாம் அங்கயே ஒண்ணு விடாமச் சொல்லிப்போட்டாங்க."

"ரெண்டு பேரும் சேர்ந்தா கேட்டீங்க?"

"சேந்துதானுங்க போனோம், பெறகு சேந்துதான கேக்க முடியும்?" என்றாள் மனைவி.

"அப்புறம்?"

"அப்பறம் என்ன? வளவி வாங்கிட்டு பஸ்சு ஏறுனோம்."

"தெரிஞ்சும் சேர்ந்தா இருந்தீங்க?"

"ஊருல உக்காந்து பேசித் தீத்தது எங்க சண்டையத்தானுங்க. டிவிக்காரன் எப்பிடி முடிச்சா நமக்கென்ன?" என்றாள் தம்பி மனைவி.

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

இரண்டு பேரும் ஒரே நேரத்தில் என்னைப் பார்த்தார்கள். "உங்ககிட்டச் சொன்னா ஊருக்கே சொன்னாப்பல. பெறகு கவுண்டருக்கு மனசு கஷ்டமாயிருக்கும்," என்றாள் மனைவி. கவுண்டர் அப்போதும் அந்தப் பெண்ணை விடவில்லை. "எங்கூருல முடிஞ்சு போன வழக்கு கண்ணு இது," என்று பொறுமையாக எடுத்துச் சொல்லிக்கொண்டிருந்தார்.

இரண்டாம் பாதியில் சுவர் இடிந்தது. அகலக்கரைப் புடவைகள் எல்லாம் தேம்பி அழுதன. கவுண்டர், "இதத்தான் நான் அப்பவே சொன்னேன்," என்று எழுந்து நின்றார். என் மனைவி தூங்கிவிட்டாள். தம்பி மனைவி, புது நடிகைக்கு மூக்கு சரியில்லை என்று கடைசிவரை சொல்லிக்கொண்டே இருந்தாள்.

திரும்பும் வழியில், மலை ஏறுகிற வளைவுகளில், தின்ற பாப்கார்ன் இருவருக்கும் ஒத்துக்கொள்ளவில்லை. வேனை நிறுத்தச் சொல்லி இறங்கினார்கள். முதலில் தம்பி மனைவி வாந்தி எடுத்தாள், என் மனைவி அவள் நெற்றியைப் பிடித்துக்கொண்டாள். அடுத்த வளைவில் என் மனைவி எடுத்தாள், தம்பி மனைவி பிடித்துக்கொண்டாள்.