தூக்கிய கை

டொக்டர் சகீனா கட்டியின் மேல் ஜெல்லைப் பூசுவார். ஸ்கேன் கருவியின் தலையை அதன்மேல் பாரமில்லாமல் வைப்பார். திரையை ஒருதரம் பார்ப்பார். பிறகு, வருகிற எல்லாரிடமும் சொல்வதையே சொல்வார்:

"இப்ப உங்கட வேலயச் செய்யுங்க."

ஆட்கள் முழிப்பார்கள். "என்ன வேல டொக்டர்?"

"வீட்டில, கடையில, தோட்டத்தில செய்யிற வேலதான். வெறுங்கையால செய்யுங்க."

கண்டி ஆஸ்பத்திரியின் அந்த ஸ்கேன் அறை இருட்டு. கருவியின் வெளிச்சத்தில் அவர்களின் நிழல் துணித்தடுப்பில் விழும். வெளியே வாங்கில் உட்கார்ந்து காத்திருந்தபோது அதைப் பார்த்தேன். தெல்தோட்டையிலிருந்து வந்த ஓர் அம்மா, இல்லாத தேயிலைக் கொழுந்தைக் கிள்ளி, இல்லாத கூடைக்குள் தோளுக்கு மேலால் போட்டார். கட்டுகஸ்தோட்டைக் கொத்துரொட்டிக்காரர் கொத்திய வேகத்தில் கருவி நழுவிப்போனது.

"காக்கா, முட்ட போடல்லையா?" என்று அவரைக் கேட்டார் உதவியாளர் மஹ்மூத்.

"படுத்துக் கிடக்கக்க கட்டி ஒரு இடத்தில ஈக்கும், வேல செய்யக்க இன்னொரு இடத்தில ஈக்கும்" என்று சகீனா யாருக்கோ விளக்கிக்கொண்டிருந்தார். "வெட்டப் போறவருக்கு ரெண்டையும் செல்லணும்."

சகீனாவும் கட்டுகஸ்தோட்டைதான். பாலம் கடந்து பஸ்ஸில் வருவார். தலையை மூடிய சேலைத் தலைப்பு திரையைப் பார்க்கிற மும்முரத்தில் தோளுக்கு நழுவிவிடும், கவனிக்க மாட்டார். மேசை லாச்சியில் உப்பும் மிளகாய்த் தூளும் பிரட்டிய புளிப்பு வெரளிக்காய் இருக்கும். பயந்து வருகிறவர்களுக்கு முதலில் அதில் ஒன்றை நீட்டுவார். எனக்கும் நீட்டினார்.

கண்டித் தலதா மாளிகையில் குண்டு வெடித்த வருடம் அது. நான் புசல்லாவையிலிருந்து கண்டிக்கு வந்து ஒரு புத்தகக் கடையில் நின்றேன். செக் பொயின்டில் ஆமிக்காரர்கள் பஸ்ஸை நிறுத்துவார்கள். அடையாள அட்டையைப் பார்த்ததும் தமிழர் எங்களை மட்டும் இறக்குவார்கள், வரிசையில் கையைத் தூக்கி நிற்க வேண்டும். சில நாட்களில் சட்டையையும் கழற்றச் சொல்வார்கள். துவக்கைத் தோளில் வைத்துச் சுட்ட தழும்பு இருக்கிறதா என்று வலது தோளைத்தான் முதலில் பார்ப்பார்கள். எங்கள் தோட்ட லயத்துப் பையன் ஒருவனுக்குச் சின்ன வயதில் சுடுதண்ணீர் பட்ட வடு தோளில் இருந்தது. அதைக் கேட்டுக் கேட்டே அவனைப் பல வாரம் வைத்திருந்தார்கள்.

எனக்குக் கட்டி வந்தது அந்த வலது தோளில்தான். மேல் தட்டுப் புத்தகத்தை எடுக்க முடியவில்லை. தோளின் வெளிப்பக்கம் தொட்டால் வேறு யாரையோ தொடுகிற மாதிரி இருந்தது. சத்திரசிகிச்சை வைத்தியர் விரலால் தோளின் மேல் ஒரு நீளக் கோடு இழுத்து, இப்படி வெட்டலாம் என்றார். நான் வேண்டாம் என்றேன். அது எப்படிப்பட்ட கட்டி என்றாவது பார்த்துவிட்டு வா என்று இங்கே அனுப்பினார்.

"ஏன் தம்பி, ஒபரேஷன் வேணாண்டு செல்லியீக்கிறீங்களாம்?"

நான் வெரளிக்காயின் கொட்டையை வாய்க்குள் உருட்டிக்கொண்டிருந்தேன். மஹ்மூத்தான் சொன்னார்: "டொக்டர், இவருக்குக் கத்திக்குப் பயமில்ல. செக் பொயின்டுக்குத்தான் பயம்."

சகீனா என்னை ஸ்டூலில் உட்கார வைத்து, தோளின் பின்பக்கம் கருவியை வைத்தார்.

"பாருங்க. கோடு கோடா, தூரத்தில மழ பெய்யிற மாதிரி ஈக்கா? கொழுப்பு. விளிம்பு சுத்தமா ஈக்கு, உள்ளுக்க ரத்தம் ஓடல்ல. கெட்ட கட்டி மாதிரித் தெரியல்ல. ஆனா தசைக்குக் கீழ போய் நரம்ப நெருக்குது. விட்டா கை சோர்ந்து போகும். எடுக்கத்தான் வேணும். எடுத்துப் பரிசோதிக்கவும் வேணும்."

நான் தலை குனிந்தேன்.

"சரி, வேலயச் செய்யுங்க."

இல்லாத புத்தகத்தை இல்லாத தட்டிலிருந்து எடுத்தேன்.

"என்ன புத்தகம்?"

"கவிதை."

"அதான் பாரமில்ல" என்றார் மஹ்மூத்.

"வேற என்ன செய்யிற இந்தக் கையால?"

யோசிக்காமல் சொல்லிவிட்டேன். "செக் பொயின்டில தூக்குறேங்க."

மஹ்மூத் சிரிக்கவில்லை. சகீனா மெதுவாக, "அதச் செய்யுங்க. அங்க தூக்கிற மாதிரியே" என்றார்.

இரண்டு கையையும் தூக்கினேன். தோள்பட்டை எலும்பு திரும்பியது. திரையில், கல்லுக்கடியில் கிடந்த மீன் வெளியே வருவது போல அந்த மழைக்கோட்டு உருண்டை நகர்ந்து வந்து தோலை நெருங்கி நின்றது.

"அப்பிடியே நில்லுங்க."

செக் பொயின்டில் ஒவ்வொரு வாரமும் கேட்கிற சொல். அன்றைக்கு மட்டும்தான் அதைக் கேட்டுப் பயம் வரவில்லை. அக்குளின் பின்மடிப்புக்குள் பேனையால் சின்னதாக ஒரு கோடு போட்டார்.

"இறக்குங்க. மஹ்மூத், கோடு எங்க?"

மஹ்மூத் குனிந்து சுற்றிப் பார்த்தார். "காணல்ல டொக்டர்!"

"இங்கால வெட்டலாம். அவங்க துவக்கு வைக்கிற இடத்தப் பார்ப்பாங்க. இது துவக்கு வைக்கிற இடமில்ல." பிறகு முகம் மாறியது. "ஒண்டு ஈக்கு. கை இதே அளவுக்கு நிக்கணும். கொஞ்சம் இறங்கினாலும் கட்டி உள்ளுக்க போயிரும். பிறகு மேலாலதான் வெட்ட வரும்."

"மயக்கத்தில நான் எப்படிங்க தூக்கி வச்சிருக்கிறது?"

"அது எங்கட பாடு."

ஒபரேஷன் முடிந்து கண் விழித்தபோது தோளைத்தான் முதலில் தடவிப் பார்த்தேன். மேலே ஒன்றுமில்லை. கட்டுப் போட்டிருந்தது மடிப்புக்குள். பரிசோதனையும் வெறும் கொழுப்பு என்றே சொன்னது. சில மாதம் கழித்து, கம்பளைப் பாதையில் சட்டையைக் கழற்றச் சொன்னார்கள். என் வயதுச் சிப்பாய் ஒருவன் பெருவிரலால் வலது தோளை அழுத்தித் தடவிவிட்டு, "யன்ன" என்றான். சிங்களத்தில் போ என்று அர்த்தம். பஸ்ஸில் ஏறிய பிறகும் பொத்தானை மாற்றி மாற்றிப் பூட்டிக்கொண்டிருந்தேன்.

அதை அவரிடம் சொல்ல வேண்டும் என்று இருந்தது. கூச்சம். ஒருவழியாக வெரளிக்காய் வாங்கிக்கொண்டு போனபோது அந்த அறையில் வேறொரு டொக்டர் இருந்தார். சகீனா கணவரோடு வெளிநாடு போய்விட்டார் என்றார்கள்.

நாட்டில் சண்டை முடிந்த பிறகு ஒருநாள், பேரனுக்குப் பள்ளிக்கூடக் கொப்பி வாங்க மஹ்மூத் எங்கள் கடைக்கு வந்தார். உயரத்துத் தட்டிலிருந்து கட்டொன்றை நான் இறக்குவதைப் பார்த்துவிட்டு, "கை நல்லா வேல செய்யுதே" என்றார். பிறகு சொன்னார்:

"ஒபரேஷன் அண்டைக்குப் பட்டி போட்டுக் கட்டியும் உங்கட கை நிக்கல்ல தம்பி, வழுக்கி வழுக்கி இறங்கிச்சு. மேலால வெட்டுவம் எண்டு பெரிய டொக்டர் செல்லிட்டார். எங்கட டொக்டர் ஸ்கேன் அறையப் பூட்டிட்டு ஓடி வந்து, கையக் கழுவி, உங்கட மணிக்கட்டப் பிடிச்சுத் தூக்கிக்கிட்டு நிண்டாங்க. தைச்சு முடியிற வரைக்கும் விடல்ல. அடுத்த நாள் அவங்களுக்குக் கருவியப் பிடிக்கக் கை வரல்ல."