முதுகில் சுழி உள்ள எருது

அந்த எருதை நான் பாதி விலைக்கு வாங்கினேன். திமிலுக்குப் பின்னால், முதுகில் அதற்கு ஒரு மயிர்ச்சுழி இருந்தது. அப்படிப்பட்ட மாட்டை வைத்திருப்பவனுக்குப் பெண்சாதி தங்கமாட்டாள் என்று எங்கள் பக்கத்தில் நம்பினார்கள். எனக்குப் பெண்சாதி இல்லை. அதனால் மலிவாகக் கிடைத்தது. பல வருஷம் உழுதது. ஏரில் பூட்டிய பிறகு ஒருநாளும் படுத்ததில்லை.

எனக்குப் பெண் பார்க்கத் தாமதமாகிவிட்டது. முகம் பார்த்துப் பேச வராதவனுக்கு யார் அவசரமாகப் பெண் கொடுப்பார்கள்? கடைசியில் சத்தியவேட்டிலிருந்து ஒரு பெண்ணின் தகப்பனார் வந்தார். வீட்டைப் பார்க்கவில்லை, என்னையும் பார்க்கவில்லை. நேராகக் கொட்டகைக்குப் போய் எருதின் முதுகைத் தடவினார். எந்த ஊர் ஆந்திராவுக்கு, எந்த ஊர் மெட்ராசுக்கு என்று எல்லோரும் சண்டை போட்டுக்கொண்டிருந்த சமயம் அது.

"ஊர் எந்தப் பக்கம் போனாலும் போவட்டும். இந்த மாடு போவணும். அது போனாத்தான் என் பொண்ணு வரும்" என்றார்.

அடுத்த சந்தைக்கு ஓட்டிக்கொண்டு போனேன். அவரும் கூடவே வந்தார். தரகர் ஒரு ஈரச்சாக்கை எருதின் முதுகில் போட்டு, "வெய்யிலு" என்றார். சுழி மறைந்துவிட்டது.

எங்கள் சந்தையில் விலையை வாயால் சொல்லமாட்டார்கள். துண்டைப் போட்டு மூடி, அதற்குள் ஒருவர் விரலை ஒருவர் பிடித்துச் சொல்வார்கள். எனக்குப் பிடித்த வியாபார முறை அது ஒன்றுதான். ஒரு இளைஞன் வந்தான். வேட்டியில் கல்யாண மஞ்சள் இன்னும் போகவில்லை. பல்லைப் பார்த்தான், நடக்கவிட்டுப் பார்த்தான், துண்டுக்குள் கையை விட்டான். முழு விலையைப் பிடித்தான்.

எனக்கு அந்தச் சுழியில் நம்பிக்கை கிடையாது. ஆனால் அவனுக்கு உண்டு என்று அவன் வேட்டியைப் பார்த்தாலே தெரிந்தது. சொல்லிவிட நினைத்தேன், வாய் வரவில்லை. துண்டுக்குள் இருந்த அவன் கையை அப்படியே இழுத்து, சாக்குக்கு அடியில் சுழிமேல் வைத்தேன். அவன் கையை உதறிக்கொண்டு போய்விட்டான்.

"அய்யோ நைனா! வாயே பேசாதுன்னு நெனச்சேன், கை இத்தினி பேசுதே!" என்று தரகர் தலையில் அடித்துக்கொண்டார்.

பெண்ணின் தகப்பனார் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "மாடு இங்கயே நிக்குது. என் பொண்ணு எப்பிடி வரும்?"

தரகர் அலைந்து, பெண்சாதியை இழந்த ஒருவரைக் கூட்டி வந்தார். அவர் பாதி விலையைப் பிடித்தார். துண்டுக்குள் தானும் கைவிட்டுப் பார்த்த பெண்ணின் தகப்பனாருக்குப் பொறுக்கவில்லை.

"உனுக்குத்தான் பொண்டாட்டி இல்லியே. இந்தச் சுழி உன்னை இன்னா பண்ணிடும்? முழு விலை குடு."

"எனுக்கு ஒண்ணும் பண்ணாது. நாளைக்கி எங்கிட்ட வாங்கறவனுக்குப் பொண்டாட்டி இருப்பாளே."

கயிற்றை அவர் கையில் கொடுத்துவிட்டேன். வாங்கின விலைக்கே விற்றிருந்தேன். அது உழுத அத்தனை உழவுக்கும் வாங்கியபோதும் விலை இல்லை, விற்றபோதும் விலை இல்லை.

நல்ல சுழி உள்ள எருதை மாமனாரே பார்த்து எடுத்தார். சாதாரண மாட்டு விலையைப்போல் ஒன்றரைப் பங்கு. கல்யாணம் நடந்தது.

வேர்க்கடலை விதைப்புக்கு ஏர் கட்டினேன். பாதிச் சாலில் புது எருது படுத்துக்கொண்டது. என் மனைவி கூழ் கொண்டு வந்தபோதும் படுத்துத்தான் இருந்தது.

"எழுந்துக்குமா?"

"தெரியல."

"அந்தப் பழைய மாடு?"

"படுக்காது."

அவள் எருதை ஒரு சுற்றுச் சுற்றி வந்தாள். "அத்த விக்கச் சொன்னது எங்க நைனாதானே? அவுரு சொன்னாருன்னா சரின்னுடறதா?"

"நீ வரணுமே" என்றேன்.

அவள் என் பக்கம் திரும்பாமல் கூழ்ச் சட்டியை இறக்கி வைத்தாள். பிறகு வரப்பில் உட்கார்ந்து எருதைத் திட்ட ஆரம்பித்தாள். அது அசைபோட்டபடி கேட்டுக்கொண்டிருந்தது.