கறைபடாத தோள்பட்டை

வெயிலில் காயும் ரப்பர் பாயின் வாசனை. விளையாட்டுச் சாமான் கடை எதையாவது தாண்டும்போது அது மூக்கில் ஏறினால் என் கால் தானாக நின்றுவிடும். சிவப்பு, மஞ்சள், பச்சை என்று பல்லோடு பல் கோத்துக்கொள்ளும் சதுரப் பாய்கள். அவற்றைச் சுமந்து வந்தவன் நான். புது ரப்பரின் நெடி போக மொட்டை மாடியில் காயப்போட்டு, இறக்கி, முழங்காலில் தவழ்ந்து தவழ்ந்து சுவரோடு சுவராகக் கோத்தவனும் நான்தான். அந்த அறையில் முதலில் தவழ்ந்த பிள்ளை நான் என்றுகூடச் சொல்லலாம். அதன்பிறகு நிஜப் பிள்ளைகள் வந்தார்கள். அவர்கள் இருக்கும் நேரத்தில் அந்தப் பாயில் என் கால் படக்கூடாது என்று ஆனது. பொறாமைக்கு ஒரு வாசனை உண்டென்றால் எனக்கு அது இதுதான், சூடான ரப்பர்.

செல்லூரில் எங்கள் வீட்டுக் கீழ்த்தளத்தில் தறி ஓட்டுகிறவர்கள் வாடகைக்கு இருந்தார்கள். அவர்கள் வேறு இடம் பார்த்துப் போனபின் அந்த நீள அறை, சத்தம் வடிந்துபோய்க் கிடந்தது. கப்பலூரில் ஒரு கம்பெனியில் ஸ்டோர் கிளார்க்காக இருந்தேன், ஆளைக் குறைத்தபோது என்னையும் குறைத்துவிட்டார்கள். என் மனைவி ஒரு மிஷன் பள்ளியில் பல வருடம் எல்கேஜி டீச்சர், அப்போதுதான் விலகியிருந்தாள். மகள் வேலை கிடைத்துச் சென்னைக்குப் போய்விட்டாள். மாடியில் நாங்கள் இரண்டு பேர், கீழே ஒரு வெற்று அறை. மழலையர் பள்ளி ஆரம்பிக்கலாம் என்ற யோசனை என்னுடையது. இதை அழுத்திச் சொல்கிறேன், என்னுடையது.

என் மனத்தில் இருந்த பள்ளியில் ஒரு மணல் தொட்டி இருந்தது. தண்ணீர்த் தொட்டி இருந்தது. சுவரில் எழுத்தே கிடையாது, வெறும் வெள்ளை, பிள்ளைகள் கிறுக்கி நிரப்பட்டும் என்று விட்ட வெள்ளை. நாள் முழுக்கக் கதை, பாட்டு. கதை சொல்ல நான்.

திறப்பதற்கு முன்னால் ஒரு ஞாயிற்றுக்கிழமை, தெருவில் சின்னப் பிள்ளை வைத்திருப்பவர்களைக் காபிக்கு அழைத்து என்ன எதிர்பார்க்கிறீர்கள் என்று கேட்டோம். கேட்டது தப்பில்லை. நான்தான் பதிலுக்குத் தயாராக இல்லை. சீருடை வேண்டும் என்றார்கள். ஷூ வேண்டும். தீபாவளிக்குள் ஏபிசிடி எழுத வேண்டும். சுவரில் யானை, ஆப்பிள், மிக்கி எலி எல்லாம் வேண்டும். அடிக்கக்கூடாது, ஆனால் கொஞ்சம் பயம் இருக்க வேண்டும். சோறு ஊட்டிவிட ஆயா வேண்டும். கேமரா கட்டாயம் வேண்டும், அதை அவரவர் கைப்பேசியில் பார்க்க வேண்டும். மணல் தொட்டி என்று நான் வாயைத் திறந்ததும், பக்கத்துச் சந்தில் விசைத்தறி வைத்திருக்கும் ஒரு தகப்பன் காபி டம்ளரைக் கீழே வைத்தார்.

"அண்ணே, மணல்ல விளையாட விடுறதுன்னா நாங்களே வைகைக்குள்ள எறக்கி விட்ருவோமே. பிள்ளை படிக்குதோ இல்லையோ, பாக்க ஸ்கூலு மாதிரி தெரியணும். அம்புட்டுத்தான்."

எல்லோரும் சிரித்தார்கள். என் மனைவியும் சிரித்தாள். அவள் எதற்கும் மறுப்புச் சொல்லவில்லை. எல்லாவற்றுக்கும் தலையை ஆட்டி, செஞ்சிரலாம், செஞ்சிரலாம் என்றாள். ஆண்கள் கிளம்பியபின் பெண்கள் மட்டும் அவளைச் சுற்றிக்கொண்டு கொஞ்ச நேரம் குசுகுசுத்துவிட்டுப் போனார்கள். டம்ளர்களைக் கழுவும்போது என்ன விஷயம் என்று கேட்டேன். கோபப்படக்கூடாது என்று முதலில் வாக்கு வாங்கிக்கொண்டாள்.

"பிள்ளைக இருக்கிற ரூமுக்குள்ள சாரு வருவாரான்னு கேட்டாங்க."

"நீ என்ன சொன்ன?"

"வரமாட்டாருன்னு சொல்லிட்டேங்க."

குழாயைத் திறந்துவிட்டு அடுத்த டம்ளரை எடுத்தாள். எனக்குக் கோபம் வரவில்லை. தினமும் பேப்பர் படிக்கிறவன்தானே. என் மகளைச் சின்ன வயதில் ஒரு பள்ளியில் விட்டபோது, அங்கே ஆண் யாராவது இருக்கிறார்களா என்று எட்டிப் பார்த்துவிட்டு வந்தவன்தானே நானும். கோபப்பட வழி இருந்தால் கோபப்பட்டுத் தீர்த்திருப்பேன். அது அடைபட்டதால்தான் இது வேறொன்றாகத் திரிந்து உள்ளே தங்கிவிட்டது.

பள்ளி நடந்தது. நன்றாகவே நடந்தது. நான் விடியும் முன் பாய்களைத் துடைப்பேன். நாற்காலிகளை வட்டமாகப் போடுவேன். தண்ணீர் கேன் தூக்குவேன், வேனுக்குக் கணக்காக நேரம் சொல்வேன், கேட்டில் நிற்பேன். முதல் பிள்ளை உள்ளே நுழைந்ததும் நிலைப்படிக்கு இந்தப் பக்கம் வந்துவிடுவேன். மனைவி எல்லோருக்கும் மிஸ். நான் அண்ணே. கடைக்காரருக்கும் ஆட்டோக்காரருக்கும் சொல்லும் அதே அண்ணே.

மத்தியானம் பள்ளி விட்டு அவள் மாடி ஏறி வருவதைப் பார்க்க வேண்டும். சேலைக் கொசுவம் கசங்கிப் பிடிப்பிடியாகச் சுருண்டிருக்கும். தோளில் மூக்குச்சளி காய்ந்து வெள்ளையாகக் கோடு போட்டிருக்கும். பிஸ்கட் தூள், மஞ்சள் கிரேயான், பருப்புச் சோறு. அப்படியே உட்கார்ந்து, இன்றைக்கு யார் யாரைக் கடித்தார்கள், யார் டவுசரிலேயே போனார்கள், யார் முதல்முதலாக வாயைத் திறந்து தண்ணி என்று கேட்டார்கள் என்று சொல்லுவாள். நான் ஆவலோடு கேட்பேன், ஒவ்வொன்றுக்கும் உள்ளுக்குள் வெந்துகொண்டே. குளித்துவிட்டு வேறு சேலை மாற்றும்போது அந்தச் சேலையை அலட்சியமாகச் சுருட்டி மூலையில் எறிவாள். கிடைத்தவர்கள் எல்லோரும் இப்படித்தான் எறிகிறார்கள். என் சட்டையின் தோள்பட்டை காலையில் இஸ்திரி போட்ட மாதிரியே, கறை ஒன்றும் இல்லாமல், சாயங்காலமும் இருக்கும்.

அதிலும் ஒரு பிள்ளை. அவள் அம்மாவுக்குக் கோரிப்பாளையத்தில் மருந்துக்கடையில் வேலை. தினமும் இடுப்பில் தூக்கி வருவாள். கேட் தெரிந்ததும் அந்தப் பெண்குழந்தை பல்லி மாதிரி அம்மாவின் மேல் ஒட்டிக்கொள்ளும். ஆயாம்மா கை நீட்டினால் வராது. இன்னொரு டீச்சர், சின்னப் பெண், பொம்மையை ஆட்டினாலும் வராது. என் மனைவி வெறுமனே பக்கத்தில் போய் நிற்பாள். ஒன்றும் பேசமாட்டாள். கொஞ்சம் பொறுத்து ஒரு கை அம்மாவின் கழுத்திலிருந்து கழன்று மனைவியின் கழுத்துக்கு வரும். பிறகு மறு கை. அந்த இடுப்பிலிருந்து இந்த இடுப்புக்கு ஒரு கிளி தாவுகிற மாதிரி. எனக்குச் சோற்றுப் பையைக் கொடுப்பார்கள். நான் பையோடு நிற்பேன்.

கேமராத் திரை என் மேசையில் இருந்தது. அந்தக் கேமராவுக்குக் கண்தான் உண்டு, காது கிடையாது. பிள்ளைகளின் வாய் அசைவதைப் பார்க்கலாம், கேட்க முடியாது. கதவையும் சாத்தியிருப்பார்கள், பக்கத்துச் சந்துத் தறியின் இரைச்சல் வேறு. நான் அவர்களுக்கு ஒரு பாட்டு எழுதிக் கொடுத்திருந்தேன்.

தறி தறி தடக்குத் தறி,
தாத்தா வேட்டி நெய்த தறி,
நூலுக்குள்ளே யார் இருக்கா?
நிலா ஒண்ணு தூங்குது.

நிலா வரும் வரியை எத்தனையோ நாள் நடந்து நடந்து பிடித்தேன். மனைவி அதைப் பாட ஆரம்பித்ததும் திரைக்கு முன்னால் குனிந்துகொள்வேன். மூன்றாவது வரியில் பிள்ளைகள் கையைக் காதில் வைத்துக் காத்திருப்பார்கள். நான்காவது வரியில் அறையே எழும்பிக் குதிக்கும். வாயைப் பிளந்து, உருண்டு, ஒன்றன்மேல் ஒன்று விழுந்து. ஒரு நிலாவுக்கு இப்படித் துள்ளுகிறார்களே என்று நெஞ்சு நிறையும், அடுத்த நொடியே சுருங்கும். வரி என்னுடையது, துள்ளல் அவளுக்கு. மாடிக்கு வந்ததும், பாட்டு எப்படி என்று போகிறபோக்கில் கேட்பதுபோல் கேட்பேன். "உங்க பாட்டுன்னா அதுகளுக்கு உசுருங்க" என்பாள்.

அவள் தம்பி மகளுக்கு அழகர்கோவிலில் காதுகுத்து வந்தது. அத்தை இல்லாமல் நடக்காது. அன்றைக்கு லீவு விட்டுவிடலாம் என்றாள். இன்னொரு டீச்சர் இருக்கிறாள், ஆயாம்மா இருக்கிறார், எதற்கு லீவு என்றேன். உள்ளே மட்டும் போய்விட வேண்டாம் என்றாள். போகமாட்டேன் என்றேன். சீர்த்தட்டோடு விடியற்காலையில் சொந்தக்காரர்களின் வேனில் ஏறிப் போனாள்.

கொஞ்ச நேரத்தில் அந்தச் சின்ன டீச்சர் போன் செய்தாள். காய்ச்சலாம், எழுந்து நிற்க முடியவில்லையாம். பெற்றோர் குரூப்பைத் திறந்து, இன்று விடுமுறை என்று அடித்தேன். விரல் அனுப்பும் பொத்தானுக்கு மேலே நின்றது. கீழே வெறும் அறை, துடைத்த பாய்கள், வட்டமாக நாற்காலிகள். ஒரு நாள். ஒரே ஒரு நாள். அடித்ததை அழித்தேன்.

காலையில் கேட்டில் மிஸ் எங்கே என்று கேட்டவர்களிடம் காதுகுத்து விஷயத்தைச் சொன்னேன். ஆயாம்மாவைப் பார்த்துவிட்டு நம்பி விட்டுப் போனார்கள். மருந்துக்கடைப் பெண் மட்டும் தயங்கினாள். கடை திறக்கும் நேரமாகிவிட்டது, குழந்தையைப் பிய்த்து ஆயாம்மாவிடம் கொடுத்துவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் நடந்தாள். அந்த அழுகையில் மற்றவையும் சேர்ந்துகொண்டன. ஒன்று அழுதால் எல்லாம் அழும், அது அவர்கள் ஊர் வழக்கம். ஒன்று வாந்தி எடுத்தது. ஒன்று ஷூவைக் கழற்றிக் கதவில் எறிந்தது. ஆயாம்மா கதவைத் திறந்து தலையை நீட்டினார்.

"சார், உள்ள வாங்க. ஒத்த ஆளா எம்புட்டுப் பேரத்தான் பிடிக்கிறது?"

செருப்பைக் கழற்றினேன். நிலைப்படியைத் தாண்டினேன். நான் கோத்த பாய் என் உள்ளங்காலுக்கு அடியில் மெத்தென்று அமுங்கியது.

என்னைக் கண்டதும் அழுகை நின்றுவிட்டது. அன்பினால் அல்ல, அதிர்ச்சியினால். கேட்டில் நிற்கிற ஆள் உள்ளே வந்தால் அதற்கு என்ன அர்த்தம் என்று அவர்களுக்குத் தெரியவில்லை. தரையில் உட்கார்ந்து பாட்டை ஆரம்பித்தேன். தறி தறி தடக்குத் தறி. கண்கள் விரிந்தன. மூன்றாவது வரியில் எல்லாக் கைகளும் காதுக்குப் போயின. என் வாழ்நாள் முழுக்க இதற்காகக் காத்திருந்தவன்போல் குரலைத் தாழ்த்தி, நிலா ஒண்ணு தூங்குது என்றேன்.

ஒருவரும் குதிக்கவில்லை.

"நெலா இல்ல" என்றான் விசைத்தறிக்காரர் மகன். "நாயி."

"என்ன நாயி?"

"நாயி ஒண்ணு கொலைக்குது. வவ் வவ். மிஸ்ஸு அப்பிடித்தான் பாடுவாங்க. உனக்குப் பாடத் தெரியல."

ஆக இத்தனை மாதமாக நான் திரையில் பார்த்துப் பூரித்தது என் நிலாவை அல்ல, அவளுடைய நாயை. நிலாதான் சரி என்று அவர்களிடம் வாதாடினேன், வெட்கமில்லாமல் மூன்று வயசுக் கூட்டத்தோடு. நிலா தூங்கினால் எவ்வளவு அழகு என்றேன். ஒரு பிள்ளை மறுபடி அழத் தயாரானது. அப்புறம் என்ன செய்ய? கையை ஊன்றி, நாலு காலில் நின்று, குரைத்தேன்.

அறை வெடித்தது. கத்திக்கொண்டு சுவருக்குச் சுவர் ஓடினார்கள், திரும்பி வந்தார்கள், மறுபடி குரை என்றார்கள். குரைத்தேன். தொண்டை கிழியக் குரைத்தேன். மூலையில் விசும்பிக்கொண்டிருந்த மருந்துக்கடைப் பெண்ணின் குழந்தை எழுந்து வந்தது. என் முகத்துக்கு நேராக உட்கார்ந்து, நாய்க்கு வைப்பதுபோல் பாதி பிஸ்கட்டை என் வாயில் வைத்தது. பிறகு என் தோளில் ஏறி, மூக்கைத் துடைத்துக்கொண்டது. ஈரம் சட்டையில் ஊறி உடம்புக்கு வந்தது. நான் அசையவில்லை.

கதவருகில் ஆயாம்மா என் கைப்பேசியை நீட்டிக்கொண்டு நின்றார். அது அடித்துக்கொண்டே இருக்கிறதாம்.

குரூப் நிறைந்திருந்தது. யார் அது உள்ளே, மிஸ் எங்கே, டீச்சர் யாருமே இல்லையா. கேமராவைத் திறந்து, கொஞ்சம் பின்னால் ஓட்டி, அவர்கள் பார்த்ததை நானும் பார்த்தேன். அதற்குத்தான் காது கிடையாதே. சத்தமில்லாத அறையில், நாலு காலில் நின்று வாயைப் பிளக்கிற ஓர் ஆள். அவனைச் சுற்றிச் சிதறி ஓடுகிற பிள்ளைகள். என் மகள் அந்தத் திரைக்குள் இருந்திருந்தால் நான் என்ன நினைத்திருப்பேனோ அதையே நினைத்திருக்கிறார்கள். ஒவ்வொருவராகப் போனில் கூப்பிட்டு நடந்ததைச் சொன்னேன். விசைத்தறிக்காரர் விழுந்து விழுந்து சிரித்தார். வேறு ஒருவர், ம் என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டார். மருந்துக்கடைப் பெண் போனை எடுக்கவில்லை.

கடையில் போடும் வெள்ளைக் கோட்டைக்கூடக் கழற்றாமல் நேரில் வந்து நின்றாள். எப்போதும் நான் நிற்கும் இடத்தில், கேட்டுக்கு வெளியே. ஓடி வந்திருக்க வேண்டும், மூச்சு வாங்கியது. குழந்தை என் இடுப்பில் இருந்தது. அவள் என்னைப் பார்க்கவில்லை, குழந்தையைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தாள். சாப்பிட்டாளா என்று ஆயாம்மாவிடம் கேட்டாள். சாரு நாய் வேஷம் கட்டினார், பிள்ளை சிரிச்சு உருண்டுருச்சு என்று ஆயாம்மா சொல்ல, அவளும் சிரித்தாள். பொய்ச் சிரிப்பு இல்லை. நம்பிவிட்டாள் என்று தெரிந்தது. நம்பியபிறகும் இரண்டு கையையும் நீட்டினாள்.

குழந்தை போகவில்லை. என் சட்டைக் காலரைப் பிடித்துக்கொண்டு முகத்தை என் கழுத்தில் புதைத்துக்கொண்டது. நான் இறக்கிக் கொடுத்திருக்கலாம். உடனே கொடுக்கவில்லை. ஒட்டிக்கொள்கிற ஒன்றை என்னிடமிருந்து இன்னொருவர் பிரித்தெடுக்க வேண்டியிருக்கிறது, அந்தக் கனத்தை இன்னும் கொஞ்சம் வைத்துக்கொண்டேன். கேட்டுக்கு மேலேயும் ஒரு கேமரா உண்டு. அழகர்கோவிலில் என் மனைவி இதைக் கைப்பேசியில் பார்த்துக்கொண்டிருந்தால் நன்றாக இருக்கும் என்று நினைத்தேன்.

அந்தப் பெண் பொறுமையாக ஒவ்வொரு விரலாகக் காலரிலிருந்து விடுவித்தாள். குழந்தையை இடுப்பில் ஏற்றி, பையை வாங்கித் தோளில் மாட்டினாள். படி இறங்கித் தெருவுக்குப் போனவள் நின்று திரும்பினாள்.

"தப்பா நெனைச்சுக்கிறாதீங்கண்ணே. உங்க மேல ஒண்ணும் இல்ல. மிஸ்ஸு இருக்கிற அன்னைக்குக் கூட்டிட்டு வாரேன்."