புக்கிட் தெங்காவுக்கு ஒரு வெள்ளிக்கிழமை

நான் அதிகம் படிக்கவில்லை. மூன்றாம் படிவத்தோடு, பதினைந்து வயதில் நின்றுவிட்டேன். ஆனால் பதினொரு வயதில் ஒரு கணக்குப் போட்டேன். பள்ளிக்கூடத்தில் போட்ட எந்தக் கணக்கும் எனக்கு இவ்வளவு பெயர் வாங்கித் தந்ததில்லை.

எங்கள் வீடு பினாங்குத் தீவில், சுங்கை பினாங்கில். வீட்டை ஒட்டித் தகரக் கூரை போட்ட பட்டறை. அப்பா இரும்பு கேட்டும் ஜன்னல் கிரில்லும் செய்வார். அம்மாவின் தம்பி, அதாவது என் மாமா, அப்பாவோடு வெல்டிங் அடிப்பார். அம்மா சாயம் பூசுவார். சாமான் வாங்குவது மட்டும் மாமாவின் பொறுப்பு. அதில் யாரும் தலையிட முடியாது.

மாமா சாமான் வாங்குகிற இடம் கடல் பாலத்துக்கு அந்தப் பக்கம், புக்கிட் தெங்காவில் ஒரு பெரிய கிடங்கு. அங்கே எல்லாம் மலிவு. ஆனால் எப்போது போவது? திங்கள் முதல் வியாழன் வரை வேனை அப்பா கொண்டு போய்விடுவார், வீடு வீடாகக் கிரில் மாட்ட. ஞாயிறு கிடங்கு பூட்டு. சனிக்கிழமை திறந்திருக்கும், ஆனால் சனிக்கிழமை இரும்பு வாங்கக் கூடாது. இதில் மாமா மிகவும் கண்டிப்பு. மிச்சம் வெள்ளி. ஆகவே வெள்ளிக்கிழமை காலையில் போவார். மாலையில் வருவார். பட்டறையில் அன்றைக்கு அப்பா மட்டும்.

இப்படியே ஓடிக்கொண்டிருந்தது. அப்புறம் ஜெலுத்தோங்கிலிருந்து ஓர் ஆர்டர் வந்தது. புது வீடு. ஒரு கேட், பதினான்கு ஜன்னல் கிரில். மூன்று வாரத்தில் புதுமனை புகுவிழா. எங்கள் பட்டறைக்கு அதுவரை அவ்வளவு பெரிய வேலை வந்ததில்லை. அப்பா விரல் விட்டு நாள் எண்ணிப் பார்த்தார். வேலை எடுத்த பிறகு ஒரு வெள்ளிக்கிழமைகூட விடாமல் மாமா பட்டறையில் நின்றால் முடியும். நிற்காவிட்டால் முடியாது. வெள்ளி இரவு எட்டு மணிக்குள் பதில் சொல்கிறேன் என்று வீட்டுக்காரரிடம் சொல்லியிருந்தார்.

அன்று புதன்கிழமை. சாப்பிடும்போது அம்மா ஆரம்பித்தார்.

"சாமான் வாங்கவே ஒரு நாளு போவுதுடா. பக்கத்துக் கடையில வாங்கித் தொலைச்சா என்ன?"

"அக்கா, அந்தக் கடையில வெட்டுற டிஸ்க் ஒண்ணு ரெண்டு வெள்ளி இருபது காசு. நான் வாங்குறது ஒண்ணு அறுவது. அந்தக் கடைக்காரப் பொம்பளைக்குப் புதுக் கார் வாங்கிக் குடுக்கணும்னா சொல்லுங்க, குடுத்துருவோம்."

"டோல் யாரு கட்டுறா? ஒன் மாமியாரா?"

மாமாவுக்குக் கல்யாணம் ஆகவில்லை. இருந்தாலும் பதில் சொன்னார். "போறப்ப டோல் இல்லக்கா. திரும்பி வர்றப்ப மட்டும்தான்."

"அப்ப திரும்பி வராத."

அப்பா சிரிக்கவில்லை. கையைக் கழுவிவிட்டு வந்து சொன்னார். "இந்த வெள்ளிக்கிழமை பாப்பா கூடப் போவட்டும். செலவு, நேரம் எல்லாத்தையும் எழுதிக்கிட்டு வரட்டும். ராத்திரி வச்சுப் பாப்போம். எது லாபமோ அதான்."

பாப்பா என்றால் நான்தான். மாமா ஒத்துக்கொண்டார். ரொம்ப சந்தோஷமாகவே ஒத்துக்கொண்டார். விலையில் அவரை யாரும் ஜெயிக்க முடியாது என்று அவருக்குத் தெரியும்.

மறுநாள் அம்மா என்னைப் பக்கத்துக் கடைக்குக் கூட்டிப் போனார். நடந்து போனால் பத்து நிமிடம். கடைக்காரச் சீனப் பெண்மணி கண்ணாடியை ஏற்றிக்கொண்டு ஒவ்வொரு விலையாகச் சொன்னார். நான் எழுதினேன். அவசரம் என்றால் போன் செய்தால் போதும், மகன் மோட்டார் சைக்கிளில் கொண்டு வந்து தருவான் என்று மலாயில் சொன்னார். அதையும் எழுதினேன். அதற்கு விலை கேட்டேன். அதற்கு விலை இல்லை என்றார். சைபர் என்று எழுதினேன்.

வெள்ளிக்கிழமை. பள்ளி விடுமுறை. ஏழு மணிக்கே நான் தயார். மாமா குளித்தார். சாமி கும்பிட்டார். வேனைக் கழுவினார். பூக்காரரிடம் போய் மல்லிகைச் சரம் வாங்கி வந்து வேன் கண்ணாடிக்கு முன்னால் போட்டார். எட்டரை ஆகிவிட்டது.

"நேரத்தோட போனா நேரத்தோட வந்துறலாமே, மாமா" என்றேன்.

"வெள்ளிக்கிழமை வண்டிக்குப் பூ போடாம பாலம் ஏற மாட்டேன். பூ ரெண்டு வெள்ளி. அத எழுதாத, அது சாமி செலவு."

எழுதவில்லை. அது நியாயமாகப் பட்டது.

பாலத்தில் ஏறியதும் மாமா பாட்டுப் போட்டார். இரண்டு பக்கமும் கடல். ஜன்னலைத் திறந்துவிட்டார். பட்டறையில் அவர் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை. பாலம் முடிகிற பிறை ஊரில் இறங்கி ரொட்டி சானாய் சாப்பிட்டோம். நான் இரண்டு. அவர் மூன்று. எழுதினேன். கிடங்கு வாசலில் வேன் நின்றபோது மணி பத்து.

கிடங்கு என்றால் அப்படி ஒரு கிடங்கு. எங்கள் பள்ளி மண்டபம் போல மூன்று மடங்கு. மாமா உள்ளே நுழைந்ததும் பாரந்தூக்கி ஓட்டுகிறவர் கையைத் தூக்கி "பாஸ்!" என்றார். கல்லாவில் இருந்த மலாய்க்கார அண்ணனும் "பாஸ்" என்றார். நான் திரும்பிப் பார்த்தேன். பின்னால் யாரும் இல்லை. மாமாவைத்தான்.

வெட்டுகிற டிஸ்க் ஐம்பது. தேய்க்கிற டிஸ்க் பத்து. வெல்டிங் குச்சி நாலு பாக்கெட். துருவுக்கு அடிக்கிற சிவப்புச் சாயம் இரண்டு டின். தின்னர் ஒரு கேன். மாமா ஒவ்வொன்றையும் தட்டிப் பார்த்து, தேதி பார்த்து, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து எடுத்தார். வண்டியில் அடுக்கித் தள்ளிக்கொண்டு கல்லாவுக்கு வந்தோம். மாமா சட்டைப் பையில் கை வைத்தார். சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். கையை எடுத்துவிட்டார்.

மணி பத்து முப்பத்தைந்து.

"ராகு காலம் ஆரம்பிச்சிருச்சு பாப்பா. பன்னெண்டு மணி வரைக்கும் காசு எடுக்கக் கூடாது."

"அஞ்சு நிமிஷந்தானே மாமா ஆச்சு."

தாடையைக் காட்டினார். அங்கே ஒரு தழும்பு. ஒரு முறை ராகு காலத்தில் வாங்கிய டிஸ்க் சுற்றும்போது உடைந்து தெறித்ததாம். "அஞ்சு நிமிஷந்தான்னு அன்னிக்கும் ஒருத்தன் சொன்னான்" என்றார். யார் என்று கேட்டேன். "நான்தான்" என்றார்.

கல்லாக்காரர் எதுவும் கேட்கவில்லை. மேசைக்கு அடியிலிருந்து ஒரு பிளாஸ்டிக் முக்காலியை எடுத்துப் போட்டார். மாமா உட்கார்ந்தார். பால் இல்லாத தேநீர், தே ஓ வந்தது. அப்போதுதான் எனக்குப் புரிந்தது. இது இன்றைக்கு நடக்கிற கூத்து இல்லை. ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் இப்படித்தான்.

ஒன்றரை மணி நேரம் உட்கார்ந்திருந்தோம். மாமா அங்கிருந்தவர்களோடு பந்து விளையாட்டைப் பற்றிப் பேசினார். எந்தக் குச்சி மெல்லிய தகட்டுக்கு ஆகும் என்று ஒருவர் வந்து கேட்டுப் போனார். இன்னொருவர் வந்து கேட்டார். மாமா விளக்கிச் சொன்னார். பட்டறையில் இருப்பதைவிட அங்கே நிறையப் பேசினார்.

பன்னிரண்டு அடித்தது. மாமா எழுந்து சட்டையை இழுத்துவிட்டுப் பணத்தை எடுத்தார். அதே நேரம் கல்லாக்காரர் எழுந்து மேசை இழுப்பறையைப் பூட்டினார். வெள்ளிக்கிழமைத் தொழுகை.

"லெப்பாஸ் செம்பாயாங் லா, பாஸ்" என்றார் சிரித்துக்கொண்டே. தொழுகை முடிந்த பிறகு என்று அர்த்தம். ஷட்டர் பாதி இறங்கியது. திரும்பத் திறக்க இரண்டே முக்கால் ஆகும் என்று அட்டை தொங்கியது.

நான் மாமாவைப் பார்த்தேன். மாமா அட்டையைப் பார்த்தார்.

"பத்தரை மணியிலேருந்து ரெண்டே முக்கால் வரைக்கும் சும்மா" என்று சொல்லிக்கொண்டே எழுத ஆரம்பித்தேன்.

"பாப்பா, அத எழுதாத."

"அதுவும் சாமி செலவா?"

"நீ என் அக்கா மகளா, இல்ல போலீஸ்காரி மகளா?"

எழுதினேன். நாலேகால் மணி நேரம். அடியில் கோடும் போட்டேன்.

மூன்று மணிக்குக் காசு கட்டினோம். வரும்போது பாலத்தில் நெரிசல். லாரிக்குப் பின்னால் லாரி. டோல் ஏழு வெள்ளி. எழுதினேன். வீடு வந்து சேர ஐந்தரை.

அம்மா வாசலிலேயே நின்றிருந்தார். காலையில் பதினொரு மணிக்கு அப்பாவுக்கு வெல்டிங் குச்சி தீர்ந்துவிட்டதாம். அம்மா பக்கத்துக் கடைக்குப் போன் போட்டாராம். பதினொன்றே காலுக்குக் குச்சி வந்துவிட்டதாம். இதை மாமாவின் முகத்தைப் பார்த்து, ஒரு தடவைக்கு இரண்டு தடவை சொன்னார். மாமா சாமானை இறக்கினார்.

ஏழு மணிக்கு எல்லோரும் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்தோம். அப்பா கைப்பேசியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டார். நான் நோட்டைத் திறந்து படித்தேன்.

சாமான் விலையில் மாமாவுக்கு அறுபத்திரண்டு வெள்ளி மிச்சம். டோல் ஏழு. பெட்ரோல் இருபது. நாங்கள் இரண்டு பேர் காலையிலும் மத்தியானமும் சாப்பிட்டது பதின்மூன்று. ஆக நாற்பது போனது. மிச்சம் இருபத்திரண்டு வெள்ளி.

மாமா மேசையைத் தட்டினார். தம்ளர் குதித்தது. "பாத்தீங்களாக்கா! சாப்பாடு, டோல் எல்லாம் போயி இருவத்திரெண்டு வெள்ளி லாபம் லா! ரொட்டி சானாய் இவதான் ரெண்டு தின்னா. இல்லாட்டி இன்னும் கூட வரும்."

"நேரத்தையும் படி" என்றார் அம்மா.

படித்தேன். ஒன்பது மணி நேரம்.

"நேரத்துக்கு என்னக்கா காசா? எது லாபமோ அதான்னு மச்சான்தான சொன்னாரு."

அப்பா சொன்ன வார்த்தை அது. அப்பா நோட்டைப் பார்த்தார். பிறகு கைப்பேசியை எடுத்தார். ஜெலுத்தோங்காரருக்கு முடியாது என்று சொல்லத்தான் எடுக்கிறார் என்று தெரிந்தது. அம்மா தட்டுகளை அடுக்க ஆரம்பித்துவிட்டார்.

எனக்கு அழுகை வரவில்லை. கோபம் வந்தது. ஒரு நாள் முழுக்க உட்கார்ந்து எழுதியது நான். ஒன்பது மணி நேரம் என்று எழுதி வைத்திருக்கிறேன். அது கணக்கில் எங்குமே சேரவில்லை. சேராத ஒன்றை எதற்கு எழுதுவது?

"அப்பா, இன்னும் முடியல" என்றேன்.

கைப்பேசியை இறக்கினார்.

கடைசி வரிக்குக் கீழே 'மாமா, ஒரு நாள்' என்று எழுதினேன். எழுதிவிட்டுக் கேட்டேன். "மாமாவுக்கு ஒரு நாளைக்கு எவ்வளவு?"

அம்மாதான் சொன்னார். "அவன் நம்ம வீட்டுப் பையன். அவனுக்கு என்ன நாள் கணக்கு?"

அது சரிதான். மாமா எங்கள் வீட்டில் சாப்பிட்டார். முன்னறையில் படுத்தார். கைச்செலவுக்குக் கேட்டால் அப்பா கொடுப்பார். ஆனால் எனக்கு அந்த இடத்தில் ஓர் எண் வேண்டும். என் கூடப் படித்த ஒருத்தியின் அப்பா இன்னொரு பட்டறையில் வெல்டிங் வேலை. நாளுக்கு எண்பது வெள்ளி என்று அவள் பெருமை அடித்துக்கொள்வாள். எண்பது என்று போட்டேன். இருபத்திரண்டைக் கழித்தேன்.

"அம்பத்தெட்டு வெள்ளி நட்டம்" என்றேன். "பக்கத்துக் கடைதான் லாபம்."

அப்பா நோட்டைத் தன் பக்கம் திருப்பிப் பார்த்தார். விரலை வைத்து மேலிருந்து கீழே வந்தார். கடைசி வரியில் விரல் கொஞ்ச நேரம் நின்றது. பிறகு கைப்பேசியை எடுத்து ஜெலுத்தோங்காரரைக் கூப்பிட்டார்.

"செஞ்சிரலாம் சார். மூணு வாரம். நிச்சயமா."

நான் நாற்காலி மேல் ஏறி நின்று கத்தினேன். அம்மா என் கன்னத்தைக் கிள்ளிய கிள்ளு மறுநாள் வரை சிவந்திருந்தது. அடுத்த வெள்ளிக்கிழமை மாமா பட்டறையில் நின்றார். அதற்கு அடுத்த வெள்ளியும். சாமான் மோட்டாரில் வந்தது. கேட்டும் பதினான்கு கிரில்லும் இரண்டு நாள் முன்னதாகவே முடிந்தன. கேட்டை மாட்டிய அன்று வீட்டுக்காரர் அதை மூன்று முறை திறந்து மூடிப் பார்த்தார். சத்தமே இல்லை. அந்தத் தெருவிலேயே இன்னும் இரண்டு வீட்டு வேலை எங்களுக்கு வந்தது. பட்டறைக்கு வந்தவர்களிடம் எல்லாம் அப்பா என்னைக் காட்டி, "இவதான் கணக்கு" என்றார். அவர் வாயிலிருந்து அதைவிடப் பெரிய பாராட்டு வராது. இன்றைக்கும் பட்டறைக்குச் சாமான் வாங்குவது நான்தான்.

அந்த மாதத்திலிருந்து அப்பா மாமாவுக்கு வாரா வாரம் சம்பளம் கொடுத்தார். நாலு வருடம் கழித்து மாமா பாலத்துக்கு அந்தப் பக்கம் சொந்தப் பட்டறை போட்டார். எங்களுடையதைவிடப் பெரியது. இப்போது அங்கே அவரை எல்லோரும் பாஸ் என்கிறார்கள்.

இதெல்லாம் பிறகு. அந்த வெள்ளிக்கிழமை இரவு, நான் நாற்காலியிலிருந்து இறங்கிய பிறகு, மாமா என்னிடம் வந்து மெதுவாகக் கேட்டார்.

"பாப்பா, எண்பதா? நல்லாத் தெரியுமா?"

"நல்லாத் தெரியும் மாமா."

"அந்தத் தாளைக் குடு."

கிழித்துக் கொடுத்தேன். தோற்றுப்போன கணக்கை யாருக்கும் தெரியாமல் மறைத்து வைக்கப் போகிறார் என்று நினைத்துச் சிரித்தேன். அவர் அதை விளக்குக்கு அடியில் கொண்டு போய்ப் பார்த்தார். கழித்த இடத்தைப் பார்க்கவில்லை. அதற்கு மேல், எண்பது என்று போட்ட வரியையே பார்த்துக்கொண்டு நின்றார். உதடு அசைந்தது. எதையோ கூட்டிக்கொண்டிருந்தார். கழித்தல் எல்லாம் முடிந்துவிட்டது, இன்னும் இவர் எதைக் கூட்டுகிறார் என்று எனக்கு விளங்கவில்லை.

மாமா எங்கள் பட்டறைக்கு வந்து அப்போது ஒன்பது வருடம்.