சுபாஷினியின் வாயும் மீரான் பாயின் காடியும்

ஜெலுத்தோங் பக்கம் காடி, அதாவது கார், வைத்திருக்கிறவர்களிடம் சுபாஷினியைப் பற்றிக் கேட்டுப் பாருங்கள். "வேலை சுத்தம்லா. வாய்தான்..." என்று இழுத்து, அத்தோடு நிறுத்திக்கொள்வார்கள். அந்த வாயில் ஒருமுறையாவது விழுந்து எழுந்தவர்கள் அவர்கள். ஒன்றரை வருஷம் எண்ணெய் மாற்றாமல் ஓட்டிவிட்டு வந்து நின்ற ஒரு வக்கீலை, "உங்க கேசையெல்லாம் இப்படித்தான் பாப்பீங்களா சார்?" என்று நடு வாசலில் நிற்க வைத்துக் கேட்டவள் அவள்.

நாற்பத்தொரு வயது. சொந்தப் பட்டறை. பக்கத்திலேயே ஒரு சீனர் காப்பிக்கடை. பட்டறைக்கும் கடைக்கும் நடுவில் இடுப்பளவுச் சுவர்தான், அதனால் இவள் இங்கே தும்மினால் அங்கே கேட்கும். பாலிடெக்னிக்கில் வாகனப் படிப்பு படித்தபோது வகுப்பிலே ஒரே பெண் அவள்தான். படித்து முடித்துப் பெரிய இடமொன்றில் வேலைக்குச் சேர்ந்தால், ஸ்பேனரைக் கையில் கொடுக்காமல் முன்மேசையில் உட்கார்த்தி ரசீது எழுதச் சொன்னார்கள். ஒன்பது வருஷம் எழுதினாள். அப்புறம் கோபம் வராமல் வேறென்ன வரும்?

பட்டறை திறந்தபோது ஒரு பெண்ணிடம் கைகட்டி வேலை பார்க்க எவனும் வரவில்லை. வந்தவர் அய்யாக்கண்ணு ஒருவர்தான். பைராம் தோட்டத்தில் பிறந்தவர், பதினாறு வயதிலிருந்து இன்ஜினோடு மல்லுக்கட்டுகிறவர். இப்போது ஐம்பத்தாறு. செபராங் ஜெயாவிலிருந்து தினமும் மோட்டார் சைக்கிளில் பாலம் தாண்டி வருவார். ஒரு காலத்தில் நன்றாகக் குடிப்பார். நாலு வருஷத்துக்கு முன்னால் விட்டுவிட்டார். விட்ட புதிதில் இரண்டு மாதம் அவர் கை நடுங்கிக்கொண்டே இருந்தது. ஸ்க்ரூ பிடிபடாமல் அவர் தவித்தபோதெல்லாம் பக்கத்தில் நின்று டார்ச் அடித்தது சுபாஷினிதான். அது அவளுக்குத் தெரியும். தெரிந்திருந்தும் சொன்னாளே, அதைத்தான் சொல்ல வந்தேன்.

கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் சாலையில் நாசி கண்டார் சோற்றுக்கடை வைத்திருக்கும் நாகூர் மீரானின் காடி அது. ஆயுத பூசைக்கு முன்வாரம் டாஷ்போர்டில் மஞ்சள் விளக்கு எரிகிறது என்று கொண்டுவந்து விட்டார். ஸ்கேனரைச் செருகியதும் P2004 என்று காட்டியது. இன்ஜின் மூச்சிழுக்கிற குழாய்த் தொகுதிக்கு மேனிஃபோல்டு என்று பெயர். அதற்குள்ளே சின்னச் சின்ன மடல்கள் இருக்கும். மெதுவாகப் போகும்போது மூடிக்கொள்ளும், வேகம் பிடித்தால் திறந்துகொள்ளும். அந்த மடல்கள் மூடாமல் திறந்தபடியே மாட்டிக்கொண்டன என்பதுதான் அந்த எண்ணுக்கு அர்த்தம். அய்யாக்கண்ணு மேனிஃபோல்டையே கழற்றி, உள்ளே அடைபோல் ஒட்டியிருந்த கரியைச் சுரண்டிக் கழுவி, புது கேஸ்கெட் வைத்து, பூசைக்கு முதல் நாள் சாயங்காலம் பூட்டி முடித்தார். விளக்கு அணைந்தது. பூசை முடிந்த மறுநாள் மீரான் வந்து சந்தோஷமாக ஓட்டிக்கொண்டு போனார்.

பத்து நாள்தான். ஒரு திங்கட்கிழமை காலை, காப்பிக்கடை நிரம்பி வழிகிற நேரத்தில், மீரான் காடியைக் கொண்டுவந்து வாசலை அடைத்து நிறுத்தினார்.

"சுபா! திரும்ப அதே லைட்டு! பாலத்துல ஏறும்போது காடி குலுங்குது, பின்னாடி லாரிக்காரன் ஹார்ன் அடிச்சே என்னைக் கொல்லுறான். இதான் நீங்க பார்த்த வேலையா? தெரியலன்னா தெரியலன்னு சொல்லிருக்கலாம்லா!"

தெரியலன்னா! சுபாஷினிக்கு உச்சந்தலைக்கு ஏறியது. ஒன்பது வருஷம் ரசீது எழுத வைத்தவர்கள் சொன்னதும் இதே சொல்தான். காப்பிக்கடையில் கோப்பையை வாய்க்குக் கொண்டுபோனவர்கள் அப்படியே திரும்பிப் பார்த்தார்கள். அந்த நேரத்தில் அவளுக்கு வேண்டியிருந்தது ஒன்றே ஒன்று, தப்பு தன்னுடையது இல்லை என்று அத்தனை பேருக்கும் தெரிய வேண்டும். திரும்பினாள். எதிரே நின்றது அய்யாக்கண்ணு.

"என்னண்ணே பூட்டுனீங்க? பழைய பழக்கம் திரும்ப வந்துருச்சா? குடிச்சிட்டு வந்துதான் கை வெச்சீங்களா?"

காப்பிக்கடைத் தவுக்கேக்கு, அந்தச் சீன முதலாளிக்கு, தமிழ் புரியாது என்றுகூட விடவில்லை. "மாபோக்!" என்று மலாயிலும் ஒரு தடவை கத்தினாள். குடிவெறி என்று அர்த்தம்.

அய்யாக்கண்ணு கையில் இருந்த ஸ்பேனரைத் துடைத்து அதன் இடத்தில் மாட்டினார். துணியை மடித்து வைத்தார். மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விட்டார். அவர் போன பிறகும் கொஞ்ச நேரம் அவள் கத்திக்கொண்டுதான் இருந்தாள்.

அடுத்த இரண்டு நாளும் அய்யாக்கண்ணு தொலைபேசி அடித்தால் எடுக்கவில்லை, வேலைக்கும் வரவில்லை. 'போகட்டும், தப்பு பண்ணினவன் எப்படி முகத்தில் முழிப்பான்?' என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு, வியாழக்கிழமை காலை மீரான் காடியின் பொன்னெட்டை, அதாவது இன்ஜின் மூடியை, தானே திறந்தாள். அய்யாக்கண்ணு எங்கே கோட்டை விட்டார் என்று கண்டுபிடித்தே தீர வேண்டும். அவர் தப்பு செய்திருக்க வேண்டும். செய்யவில்லை என்றால், அத்தனை பேர் முன்னால் அவள் சொன்னதற்கு என்ன பெயர்?

முதலில் போல்ட்டுகள். ஒவ்வொன்றையும் சரியான அளவுக்கு இறுக்கிய பிறகு அதன் தலையில் வெள்ளைப் பெயின்ட்டால் ஒரு கோடு போடுவது அய்யாக்கண்ணுவின் வழக்கம். எட்டு போல்ட், எட்டுக் கோடு. ஒன்றுகூட நகரவில்லை. அவளுக்கு எரிச்சல் வந்தது. அடுத்து குழாய்க்குள் புகை ஏற்றிப் பார்த்தாள். கேஸ்கெட் சரியாக உட்காராமல் காற்று கசிந்தால் அந்த இடத்தில் புகை வெளியே வரும். கால் மணி நேரம் குனிந்து நின்று பார்த்தாள். ஒரு இழைகூட வரவில்லை. "வந்து தொலையேன்!" என்று இன்ஜினைப் பார்த்துக் கத்தினாள். சுவருக்கு அந்தப் பக்கம் யாரோ சிரித்தார்கள். கையில் இருந்த துணியை அந்தப் பக்கமே வீசினாள்.

மடலின் நிலையைச் சொல்கிற சென்சாரைச் சோதித்தாள். நன்றாக இருந்தது. வயரை ஒவ்வொன்றாகத் தடவினாள். அதுவும் நன்றாக இருந்தது. மனுஷன் ஒரு தப்பாவது விட்டு வைத்திருக்கக் கூடாதா! மத்தியானச் சாப்பாட்டை மறந்து அவர் வேலையில் குற்றம் தேடிக்கொண்டிருந்தாள். தேடத் தேட, எவ்வளவு சுத்தமான வேலை என்பதுதான் கண்ணில் பட்டது. அது பட்டதே அவளுக்குப் பொறுக்கவில்லை.

கடைசியில் ஸ்கேனரிலிருந்து மடலுக்கு நேராகக் கட்டளை கொடுத்தாள். திற என்றால் திறந்தது. மூடு என்றால் முக்கால்வாசி வந்து நின்றுவிட்டது. இன்ஜினுக்குப் பின்பக்கம், தடுப்புத் தகட்டின் ஓரமாகக் கையை விட்டு, மடலை அசைக்கும் நெம்புகோலைத் தொட்டுப் பார்த்தாள். தள்ளினால் போகிறது, விட்டால் எதுவோ பிடித்து இழுக்கிறது. சின்னக் கண்ணாடியைப் பின்னால் நீட்டி டார்ச் அடித்தாள். நெம்புகோலின் மூட்டில் கறுப்பாக ஏதோ சுற்றியிருந்தது. வயரின் உறை என்று நினைத்து இடுக்கியால் பிடித்து இழுத்தாள். மெல்ல மெல்ல வெளியே வந்தது. மேலே எண்ணெய்க் கறுப்பு. உள்ளே மஞ்சள்.

மஞ்சள் கயிறு.

ஆயுத பூசையன்று பட்டறையில் இருந்த அத்தனை காடிக்கும் அவள் கையாலேயே பூசை போட்டாள். சந்தனம், குங்குமம், சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம், கண்ணாடிக்குக் கீழே ஒரு மஞ்சள் கயிறு. மீரான் காடியும் அன்று அங்கேதான் நின்றது. பாய் வீட்டுக் காடிக்குக் குங்குமம் வைத்தால் அவர் என்ன நினைப்பாரோ என்று விட்டுவிட்டாள். விட்டுவிட்டு இரண்டு அடி நடந்தாள். ஐந்து காடியில் இது ஒன்று மட்டும் ஒதுக்கி வைத்ததுபோல் நிற்கிறதே என்று மனசு கேட்கவில்லை. யார் கண்ணிலும் படாத இடத்தில் கட்டிவிட்டால் ஆச்சு. ஒரு கையில் சூடத்தட்டு, மறு கையில் கயிறு. பொன்னெட்டைத் தூக்கி, பின்னால் கையை விட்டு, எட்டிய வயர் ஒன்றில் ஒரு முடிச்சுப் போட்டாள். எங்கே போடுகிறோம் என்று குனிந்துகூடப் பார்க்கவில்லை. இன்ஜின் சூட்டில் முடிச்சு நெகிழ்ந்து, கயிறு கீழே இறங்கி, நெம்புகோலில் சுற்றிக்கொண்டது.

பத்து வருஷத்துக்கு மேலாக மற்றவர்கள் கவனக்குறைவைக் கண்டு கத்திக்கொண்டிருக்கிற மெக்கானிக் செய்த வேலை இது! அவளுக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது. பட்டறையில் வேறு யாரும் இல்லை. கயிற்றைச் சுருட்டிக் குப்பையில் போட்டுவிட்டு, சென்சார் கெட்டுப்போச்சு பாய் என்று சொன்னால் கேட்பார் யாரும் இல்லை. அந்த யோசனை வந்ததென்னவோ உண்மை. சீ என்று தன்னையே திட்டிக்கொண்டு தொலைபேசியை எடுத்தாள்.

மூன்றாவது தடவைதான் அய்யாக்கண்ணு எடுத்தார்.

"அண்ணே, சுபா பேசுறேன். உங்க வேலையில ஒண்ணும் தப்பில்லண்ணே. நான் பூசைக்குக் கட்டின கயிறு நெம்புகோல்ல சுத்திக்கிச்சு. நான்தான். மன்னிச்சிருங்கண்ணே."



"இதை எதுக்கு என்கிட்ட சொல்றே?"

"உங்ககிட்ட சொல்லாம வேற யார்கிட்டண்ணே சொல்றது?"

"நான் குடிக்கலன்னு எனக்குத் தெரியும்மா. நேத்து பட்டர்வொர்த்துல ஒரு பட்டறையில வேலை கேட்டுப் போனேன். 'இப்ப குடிக்கறதில்லதானே அண்ணே'ன்னு கேக்குறான் அவன். என் மகன் வயசு. மூணே நாள்ல உன் பேச்சு பாலம் தாண்டி வந்துருச்சு. நாலு வருசம்மா! ஒரு சொட்டு தொடல. யாருக்குத் தெரியாதோ அவங்ககிட்ட போய்ச் சொல்லு."

வைத்துவிட்டார். முதலில் அவர் மேலேயே கோபம் வந்தது சுபாஷினிக்கு. மன்னிப்புக் கேட்கிறேன், வாங்கிக்கொள்ள மாட்டேன் என்கிறாரே மனுஷன்! கருவிப் பெட்டியைக் காலால் ஓர் எத்து எத்தினாள். பெருவிரல் வலித்ததுதான் மிச்சம். வலியோடு கீழே உட்கார்ந்தபோதுதான் அவர் சொன்னதில் ஒரு வார்த்தைகூடத் தப்பில்லை என்பது அவளுக்கு உறைத்தது.

சாயங்காலம் அஸர் தொழுகை முடிந்து மீரான் வந்தார். விளக்கு அணைந்திருந்ததைப் பார்த்து அவர் முகம் மலர்ந்தது. அவள் அழுக்குக் கயிற்றை உள்ளங்கையில் வைத்து நீட்டினாள். நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னாள்.

"என் காடியில எதுக்கும்மா இதைக் கட்டினே?" மீரான் குரல் ஏறியது. "நான் கேட்டேனா?"

"எல்லாக் காடிக்கும் செஞ்சேன் பாய். உங்க காடிய மட்டும் விட மனசு வரல."

"மனசு வரலன்னா என்கிட்ட ஒரு வார்த்தை கேக்கணும்! ஒளிச்சு வெச்சுக் கட்டறதா? நாளைக்கு நான் உன் வீட்டுல உனக்குத் தெரியாம ஒண்ணைக் கட்டினா சும்மா இருப்பியா?"

"இருக்க மாட்டேன்."

"இருக்க மாட்டேல்ல?" அவர் மூச்சு வாங்கினார். அப்புறம் சட்டென்று வேறு ஞாபகம் வந்தவராகத் தலையில் கைவைத்தார். "யா அல்லா! கயிறு போய்த் தொலையட்டும். அந்த மனுசன் குடிச்சிட்டு வேலை பார்த்தான்னு நீ சொன்னியே, அதை நான் கடைக்கு வர்றவன் போறவன்கிட்ட எல்லாம் சொல்லிருக்கேனே! பட்டர்வொர்த்து ஆளுங்ககிட்டகூட! பாவத்துல என்னையும் கூட்டுச் சேர்த்துட்டியே, சுபா!"

இந்த வாய்க்கு எதிரே நின்று பதில் பேசியவர் யாரும் அதுவரை ஜெயித்ததில்லை. அன்று மீரான் ஜெயித்தார். அவள் காடிச் சாவியை மீரான் கையில் வைத்தாள். கையைக்கூடத் துடைக்காமல், இடுப்பளவுச் சுவரைச் சுற்றிக்கொண்டு காப்பிக்கடைக்குள் போனாள்.

வேலை முடிந்து வந்தவர்கள் எல்லா மேசையிலும் உட்கார்ந்திருந்தார்கள். திங்கட்கிழமை இருந்தவர்களில் பாதிப் பேராவது இருந்தார்கள். சுபாஷினி நடுவில் போய் நின்றாள். ஒரு நாற்காலியைத் தரையில் ஓங்கித் தட்டினாள்.

"எல்லாரும் கேளுங்க! அய்யாக்கண்ணு அண்ணன் குடிக்கல! காடியக் கெடுத்தது நான்! அவர் குடிச்சாருன்னு திங்கக்கிழமை இங்க நின்னு நான் சொன்னது பொய்!"

தவுக்கே பக்கம் திரும்பினாள். "அய்யாக்கண்ணு தாக் மாபோக்! சாயா சாலா!" என்று மலாயிலும் கத்தினாள். அய்யாக்கண்ணு குடிக்கவில்லை, தப்பு என்னுடையது. தவுக்கே கோப்பையைக் கழுவுவதை விட்டுவிட்டு அவளையே பார்த்தார்.

சுவர் ஓர மேசையில் இருந்த பெரியவர் ஒருவர் கையமர்த்தினார். "சரிம்மா, சரி. எங்களுக்குப் புரியுதுலா. மெதுவாத்தான் சொல்லேன். ஏன் இப்படிக் கத்துறே?"

"அன்னைக்கு மெதுவாவா சொன்னேன்?" என்றாள் சுபாஷினி. கண்ணீர் வழிந்துகொண்டிருந்தது. துடைக்காமல், சாலையில் போகிறவர்களும் நின்று பார்க்கிற அளவுக்கு உரக்க, முதலிலிருந்து மறுபடியும் சொல்ல ஆரம்பித்தாள்.