ஒரே பெயரில் இரண்டு உலகம்

வெள்ளவத்தையில் எங்கள் அடுக்குமாடியின் நாலாம் மாடிக்காரர் ஸ்ரீஸ்கந்தராசா இறந்துபோன செய்தியை நான் காலைத் தேநீரோடு போனில் பார்த்தேன். இணையத்தில் மரண அறிவித்தல் வந்திருந்தது. முழுப்பெயர், பிறந்த ஊர், பிறந்த தேதி எல்லாம் அவருடையதுதான். படத்தில் இருந்த முகமும் கிட்டத்தட்ட அவர் முகம். தேநீரை அப்படியே வைத்துவிட்டு மேலே ஓடிப்போய் மணியை அடித்தேன்.

கதவைத் திறந்தவர் ஸ்ரீஸ்கந்தராசா. சாரமும் பெனியனும், சவரம் செய்யாத முகமும்.

"வாரும் சாம்பவி. உமக்கும் நான் செத்த செய்தி வந்திட்டுதோ? விடிஞ்சதில இருந்து நீர் ஆறாவது ஆள்."

எனக்குப் பயம் வந்தால் முதலில் கோபம்தான் வெளியே வரும். "என்ன அண்ணை பகிடி இது? நெஞ்சு நிண்டு போச்சு எனக்கு!"

"செத்தது கனடாவில இருந்த என்ர தம்பி," என்றார். சொல்லிவிட்டுச் சுவரைப் பிடித்துக்கொண்டார்.

பன்னிரண்டு வருடமாக அவரை எனக்குத் தெரியும். கொட்டாஞ்சேனையில் ஒரு இரும்புக்கடையில் முப்பது வருடம் கிளார்க். கல்யாணம் கட்டவில்லை. எங்கள் கட்டடத்தின் செயலாளர், லிப்ட் பழுதானால் முதல் ஆளாகச் சண்டைக்கு நிற்பவர். வெளிநாடு போனதில்லை, பாஸ்போர்ட்கூட இல்லை. பாஸ்போர்ட் இல்லாத ஒரு யாழ்ப்பாணத்து மனிதரை வெள்ளவத்தையில் தேடிப் பிடிப்பது லேசான காரியமா? அதற்கு ஒரு காரணம் இருக்குமென்று எனக்குத் தோன்றவே இல்லை. அன்றுதான் சொன்னார்.

எண்பத்தொன்பதாம் ஆண்டு. அண்ணனும் தம்பியும் கொட்டாஞ்சேனையில் நிலாம் என்பவரின் வீட்டு மேலறையில் வாடகைக்கு இருந்தார்கள். ஞாயிறு பின்னேரங்களில் நிலாமின் தொலைக்காட்சியில் ஒரு ஆங்கிலத் தொடர். வானிலை நிலையத்தில் வேலைசெய்யும் ஒருவன் லிப்டில் ஏறுகிறான். கதவு திறந்தால் அதே ஊர், அதே வீதி. ஆனால் கடல் மட்டும் மற்றப் பக்கத்தில் இருக்கிறது. அவன் வீட்டில் அவன் பெயரோடு, அவன் முகத்தோடு இன்னொருவன் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறான். அங்கே வாழவேண்டுமானால் இவன் தன் பெயரை விட்டுவிட வேண்டும். இரண்டு பேரும் வாய் பிளந்து பார்த்தார்கள்.

அந்த நாட்களில் பொலிஸ் சுற்றிவளைப்பு என்றால் தம்பியைத்தான் பிடித்துக்கொண்டு போவார்கள். இரண்டு தரம் திருப்பி அனுப்பினார்கள். மூன்றாம் தரம் அனுப்புவார்களோ யாருக்குத் தெரியும்? கனடா விசா குத்திய பாஸ்போர்ட் அண்ணனிடம்தான் இருந்தது. அண்ணன் அதைத் தம்பியின் கையில் கொடுத்தார். முகம் ஒத்துப்போனது. தம்பி ஒரு வெள்ளிக்கிழமை ஸ்ரீஸ்கந்தராசாவாக விமானம் ஏறினான். தொடரின் கடைசிப் பகுதி ஞாயிற்றுக்கிழமை.

"அவன்ர உண்மைப் பேரைச் சாகும்வரை வாயால சொல்லமாட்டம் எண்டு ரெண்டு பேரும் சத்தியம் பண்ணினனாங்கள்," என்றார். "பிறகு என்ர பேருக்கு நானே கடிதம் எழுதினன். அனுப்புறவரும் ஸ்ரீஸ்கந்தராசா, பெறுறவரும் ஸ்ரீஸ்கந்தராசா. தபால்காரன் என்னை விசரன் எண்டு நினைச்சிருப்பான்."

முதல் கடிதத்திலேயே தம்பி கேட்டிருந்தான், தொடர் எப்படி முடிந்ததென்று. அண்ணன் பொய் எழுதினார்: போனவன் அங்கே சந்தோஷமாக வாழ்ந்தான். உண்மையில் அப்படி முடியவில்லை. தன் பெயரைச் சொல்லிக் கூப்பிட ஆளில்லாமல் அவன் கொஞ்சம் கொஞ்சமாக மங்கி, கடைசியில் ஒரு கதிரையில் அவன் கோட்டு மட்டும் கிடந்தது. அதை எப்படி எழுதுவது?

தம்பிக்கு ஒரே மகள், ஹம்சிகா. தாய் நாலு வருடத்துக்கு முன் இறந்துவிட்டாள். எங்கள் வீடுகளில் பிள்ளைகள் மூத்தவர்களைப் பெயர் சொல்வதில்லை. அவளுக்கு இவர் கொழும்புப் பெரியப்பா. இவருக்கு அவன் தம்பி. அந்த வழக்கம் முப்பத்தாறு வருடம் ரகசியத்தைக் காப்பாற்றிவிட்டது.

"இப்ப ஐயர் பேரும் நட்சத்திரமும் கேப்பார்," என்றார். "என்ர பேரைச் சொன்னால் கிரியை உயிரோட இருக்கிற எனக்கல்லோ நடக்கும்? அவன் வெறுங்கையோட போவான். உண்மையைச் சொன்னால், அப்பா கள்ளப் பேரில வாழ்ந்தவர் எண்டு அந்தப் பிள்ளை அவனை வெறுத்திட்டால்?"

எனக்கு வாய் சும்மா இராது. அன்று, நாளைக்கு மடிக்கணினி கொண்டுவருகிறேன் என்று மட்டும் சொன்னேன்.

மறுநாள் பின்னேரம் ஆறரைக்குக் கிரியை. அங்கே காலை. என் மடிக்கணினியை அவர் மேசையில் வைத்து நேரலையைப் போட்டேன். சாம்பல் நிறக் கோட்டும் கழுத்துப்பட்டியுமாகப் பெட்டிக்குள் கிடந்தவர் என் பக்கத்தில் இருந்தவரேதான். அதே நெற்றி, அதே வளைந்த மூக்கு. அங்கே படுத்திருக்கிறார், இங்கே மூச்சு விடுகிறார். ஆண்பிள்ளை இல்லாததால் ஹம்சிகாவே கையில் தர்ப்பையோடு நின்றாள். எனக்கு அது பிடித்திருந்தது.

ஐயர் கடதாசியைப் பார்த்தார். "ஸ்ரீஸ்கந்தராசா..." என்று தொடங்கினார்.

"ஐயா, நில்லுங்கோ! அது அவன்ர பேர் இல்லை!"

ஸ்ரீ அண்ணை எழும்பி நின்று கத்தினார். யாரும் திரும்பவில்லை. எங்கள் மைக்கை நான் அணைத்து வைத்திருந்தேன். அவசரத்தில் எங்கெங்கோ அழுத்தினேன், படமே மறைந்து திரும்ப வந்தது. வந்தபோது ஐயர் நிறுத்தியிருந்தார். ஹம்சிகா அவர் கையைப் பிடித்திருந்தாள்.

"ஐயா, ஒரு நிமிஷம். பேரைப் பெரியப்பாதான் சொல்லோணும்." கமராவுக்குக் கிட்ட வந்தாள். "பெரியப்பா, சின்ன வயசில அப்பா எனக்கு ஒரு கதை சொல்லுறவர். லிப்டில ஏறி வேற உலகத்துக்குப் போன ஒருத்தர். தன்ர பேரை விட்டிட்டுப் போனதால அவர் மறைஞ்சு மறைஞ்சு போவார். ஆனா ஒருநாள் அவரின்ர அண்ணா மற்றப் பக்கத்தில நிண்டு பேரைச் சொல்லிக் கூப்பிடுவார். அப்ப கதவு திறக்கும். ஆசுபத்திரியில அந்தக் கதையைத் திரும்பவும் சொல்லிட்டு, 'பேரைப் பெரியப்பாட்டக் கேள்' எண்டவர்."

ஸ்ரீ அண்ணை என்னைத் திரும்பிப் பார்த்தார். அந்தக் கண்களை நான் மறக்கமாட்டேன்.

"கடைசிப் பகுதியை அவன் பாக்கேல்லையே," என்றார் மெல்ல. "மறைஞ்சு போறதை நான் அவனுக்கு எழுதவே இல்லையே, சாம்பவி."

மைக்கைத் திறந்துவிட்டேன்.

"தனஞ்சயன்," என்றார். முப்பத்தாறு வருடம் வாய்க்குள் கிடந்த பெயர், முதலில் கரகரத்தது. அடுத்த தரம் மாடிப்படியில் நின்று கூப்பிடுவதுபோல் கூப்பிட்டார். "தனஞ்சயன்! உத்திரட்டாதி நட்சத்திரம், ஐயா."

அங்கே மண்டபத்தில் ஒரு சலசலப்பு எழுந்து அடங்கியது. ஐயர் பெயரைத் திருத்தி மந்திரத்தைத் தொடங்கி, மகளைத் திருப்பிச் சொல்லச் சொன்னார். ஹம்சிகா பெட்டிக்குப் பக்கத்தில் குனிந்தாள். எங்கள் ஆட்களில் எந்தப் பிள்ளையும் சொல்லாததை, தகப்பனின் பெயரை, அவர் காதருகே முதல்முதலாகச் சொன்னாள்.